மின்விசிறிக்கு அடுத்தது ஏசியா?

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா அன்று தொடங்கிவைத்தார். மிக்சியும் கிரைண்டரும் பெண்களின் வேலைச்சுமையைக் குறைத்த கதை அடிக்கடி பேசப்பட்டது. மூன்றாவதாக வந்த மேசை மின்விசிறியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஆனால், ஒரு வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் வெக்கை அரசின் கவலையும்தான் என்று சொல்லாமல் சொன்ன பொருள் அதுதான்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 அக்டோபர் 6 அன்று, சென்னை மெரினாவில் விமானப் படையின் சாகச நிகழ்ச்சியைப் பார்க்க லட்சக்கணக்கானோர் வெயிலில் நின்றார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அதே மாதத்தில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் முடிவானது. நல்ல முடிவுதான். ஆனால் அந்த 4 லட்சத்தில் இன்றைய விலைக்குப் பத்து ஏசி வாங்கலாம். உயிர் போன பிறகு அவ்வளவு கொடுக்க முன்வரும் அரசு, போகாமல் தடுக்க அந்த வீட்டுக்குள் எதுவரை வரலாம்? மின்விசிறியோடு நின்றுவிட வேண்டுமா, ஏசிக்கும் கைகொடுக்கலாமா?

இப்படிக் கேட்டதும் இரண்டு பதில்கள் வரும். "இதுவும் இலவசமா?" என்பது ஒன்று. "பணக்காரன் மட்டும்தான் குளுகுளுவென்று தூங்க வேண்டுமா?" என்பது மற்றது. இரண்டு பதிலிலும் சூடு இருக்கிறது, கணக்கு இல்லை. இந்தக் கட்டுரை கணக்கைப் பார்க்க முயல்கிறது.

ஏசி உயிரைக் காக்கிறதா?

முதல் நவீன ஏசி மனிதருக்காகச் செய்யப்படவில்லை. 1902-ல் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம், காற்றின் ஈரத்தால் காகிதம் சுருங்கி விரிந்து வண்ணங்கள் இடம் மாறிப் பதிவதாகத் திண்டாடியது. அந்தச் சிக்கலைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த ஏற்பாடுதான் அது. பிறகு திரையரங்குக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் போன ஏசி, 1960-க்குப் பிறகே அமெரிக்க வீடுகளில் பரவலானது.

அந்தப் பரவல் என்ன செய்தது என்பதை ஆலன் பரேக்கா, மைக்கேல் கிரீன்ஸ்டோன் உள்ளிட்ட ஐந்து பொருளியல் அறிஞர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், கடும் வெப்பம் நிலவிய ஒவ்வொரு நாளும் அமெரிக்காவில் எவ்வளவு மரணங்களைக் கூட்டியதோ, 1960-க்குப் பிறகு அதில் ஏறத்தாழ கால் பங்குதான் மிஞ்சியது. மருத்துவ வசதி, மின்சாரம் என்று பல காரணங்களை எடுத்துச் சோதித்த அவர்கள், இந்தச் சரிவில் பெரும்பங்கு வீட்டு ஏசியால் வந்தது என்று முடிவுக்கு வந்தார்கள். மருந்தாக இருந்திருந்தால் அதை அதிசய மருந்து என்றிருப்போம்.

ஏசி இல்லாத வீட்டில் என்ன நடக்கும் என்பதற்குக் கனடா சாட்சி. 2021 ஜூன் கடைசியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி செல்சியஸ் பதிவானது. குளிருக்காகவே கட்டப்பட்ட வீடுகள் அடுப்புகளாயின. 619 பேர் இறந்ததாக அந்த மாகாணத்தின் மரண விசாரணைத் துறை கணக்கிட்டது. அவர்களில் 98 விழுக்காட்டினர் இறந்தது கட்டடத்துக்குள். மூன்றில் இரண்டு பங்கினர் 70 வயதைக் கடந்தவர்கள். வெயில் என்றதும் நம் கண்முன் வருவது வயலிலும் சாலையிலும் வேலை செய்பவர். அவருக்கு ஆபத்து உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் கனடாவில் வெப்பம் வாங்கிய உயிர்களில் மிகப் பெரும்பாலானவை வீட்டுக்குள் சத்தமில்லாமல் போனவை.

உடம்பு சூட்டை இறக்கிவிடும் பெரிய வழி வியர்வை. வியர்வை காய்ந்தால்தான் சூடு இறங்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாமல் வழியத்தான் செய்யும். டெல்லியின் 44 டிகிரியைவிடச் சென்னையின் 38 டிகிரி சில நாட்களில் உடம்பை வாட்டுவது இதனால்தான். வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து அளக்கும் 'ஈரக்குமிழ் வெப்பநிலை' 35 டிகிரியைத் தொட்டால் ஆரோக்கியமானவரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டார் என்று முன்பு கருதப்பட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் இளைஞர்களை வைத்து நடத்திய சோதனையில், அந்த எல்லை 31 டிகிரியை ஒட்டியே வந்துவிடுவதாக 2022-ல் தெரியவந்தது. முதியவருக்கு இன்னும் குறைவு. வட இந்திய வீடுகளில் ஓடும் ஏர் கூலர் காற்றில் ஈரத்தைக் கூட்டித்தான் குளிர்விக்கிறது. கடலோரத் தமிழ்நாட்டில் அது பாதி நாள் பயன்படாது. இங்கே காற்றிலிருந்து ஈரத்தை எடுத்தாக வேண்டும். அதைச் செய்வது ஏசி.

பெட்டி இருந்தும் இறந்தவர்கள்

ஏசி உயிர் காக்கும் என்றால், வாங்கிக் கொடுத்துவிட வேண்டியதுதானே? இங்கேதான் அரிசோனா மாநிலம் குறுக்கே வருகிறது.

ஃபீனிக்ஸ் நகரம் அடங்கிய மாரிகோப்பா மாவட்டத்தில் ஏசி இல்லாத வீடு அபூர்வம். ஆனாலும் 2023-ல் மட்டும் அங்கே 645 பேர் வெப்பத்தால் இறந்தார்கள். அவர்களில் பலர் தெருவில் வாழ்ந்தவர்கள். வீட்டுக்குள் இறந்தவர்களைப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் ஏசி இருந்தது. அது பழுதாகியிருந்தது, அல்லது அணைத்து வைக்கப்பட்டிருந்தது, அல்லது வீட்டுக்கு மின்சாரமே இல்லை.

2018-ல் அதே மாவட்டத்தில் 72 வயதுப் பெண் ஒருவர் 176 டாலர் மின்கட்டணத்தில் 125 டாலரைக் கட்டியிருந்தார். மீதி 51 டாலருக்காக இணைப்பு துண்டிக்கப்பட்டது. அன்றைய வெயில் 41 டிகிரிக்கு மேல். சில நாட்களில் அவர் வீட்டில் இறந்து கிடந்தார். இந்தச் செய்தி வெளியே வந்த பிறகு, 2019-ல் மாநிலத்தின் மின் ஒழுங்குமுறை ஆணையம் ஜூன் 1 முதல் அக்டோபர் 15 வரை வீட்டு இணைப்புகளைத் துண்டிக்கத் தடை விதித்தது.

ஜப்பானும் இதே பாடத்தை வேறு விதத்தில் சொல்கிறது. அங்கே அரசு உதவித் தொகையில் வாழும் குடும்பங்களுக்கு, முதியவர் போன்று வெப்பத்தால் எளிதில் பாதிக்கப்படுவோர் இருந்தால், ஏசி வாங்க 50,000 யென் வரை தரலாம் என்று 2018-ல் விதி வந்தது. 2018 ஏப்ரலுக்கு முன்பே உதவி பெற்றுவந்தவர்களுக்கு அது பொருந்தவில்லை. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க மாதந்தோறும் கூடுதல் தொகை உண்டு. கோடையில் ஏசியை ஓட்ட அப்படி எதுவும் இல்லை. பெட்டியைச் சுவரில் மாட்டிக்கொண்டு பில்லுக்குப் பயந்து அணைத்து வைப்பவருக்கு அந்த 50,000 யென் எதற்கு உதவும்?

ஏழை வீடு என்றாலே அரசுகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது குளிர்தான். 1981-ல் தொடங்கிய அமெரிக்காவின் வீட்டு எரிசக்தி உதவித் திட்டத்திலும் பணத்தின் பெரும்பகுதி குளிர்காலத்துக்கே போகிறது. 2025 ஏப்ரலில் அந்தத் திட்டத்தை நடத்திவந்த ஊழியர்கள் அனைவருமே வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

நியூயார்க் மாநகரம் 2020 கோடையில் கொஞ்சம் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. கொரோனாவால் முதியோர் வீட்டைவிட்டு வெளியேற முடியாத நேரம். வருமானம் குறைந்த முதியவர் வீடுகளுக்கு 74,000 ஏசிகளைக் கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். கூடவே ஏழைக் குடும்பங்களின் கோடை மின்கட்டணத்துக்கும் தனியாக உதவி ஒதுக்கப்பட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா 2023-ல் 8,000 ஏசிகளை இலவசமாகத் தரும் திட்டத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டே இலக்கை 28,000 ஆக உயர்த்தியது.

501-வது யூனிட்டின் விலை

இனி நம் வீட்டு மின் அட்டையைப் பார்ப்போம். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் அமலான கட்டண அடுக்கை எடுத்துக்கொள்கிறேன். அதன் பிறகு விலையில் சில பைசாக்கள் கூடினாலும் படிக்கட்டின் அமைப்பு மாறவில்லை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 400 வரை 4 ரூபாய் 50 காசு. 500 வரை 6 ரூபாய். மொத்தம் 500 யூனிட் ஓடினால் பில் 1,725 ரூபாய்.

ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் என்ன ஆகும்? இரண்டாவது படியில் இருந்த 2.25 ரூபாய்ச் சலுகை மறைந்துவிடும். 101-லிருந்து 400 வரை முழுவதற்கும் 4.50 ரூபாய். 501-வது யூனிட்டுக்கு 8 ரூபாய். பில் 1,958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டுக்கு நாம் கொடுத்த விலை 233 ரூபாய்.

இப்போது ஒரு சாதாரண வீடு. இரண்டு விசிறி, ஃபிரிட்ஜ், டிவி, விளக்குகள். இரண்டு மாதத்துக்கு 250 யூனிட், பில் 450 ரூபாய். இந்த வீட்டுக்கு ஒரு டன் ஏசி வருகிறது. இரவில் எட்டு மணி நேரம், அறுபது இரவுகள், மணிக்குச் சராசரியாக 0.8 யூனிட் என்று வைத்துக்கொண்டால் சுமார் 380 யூனிட் கூடும். மொத்தம் 630. பில் 3,020 ரூபாய். பயன்பாடு இரண்டரை மடங்கு, பில்லோ ஏறக்குறைய ஏழு மடங்கு. ஏசியை யாராவது சும்மா கொடுத்தாலும் மே மாதத்தில் இந்தக் குடும்பம் ரிமோட்டைப் பார்த்துப் பயப்படும். வாடகைக்கு இருப்பவர் நிலை இன்னும் மோசம். வீட்டு உரிமையாளர் சப் மீட்டர் வைத்து, தாம் நினைத்த விலையை யூனிட்டுக்குப் போடுகிறார். அரசின் இலவச 100 யூனிட் பல வீடுகளில் குடித்தனக்காரரை எட்டுவதே இல்லை.

இந்தப் படிக்கட்டு அமைப்பு தவறு என்று நான் சொல்லவில்லை. நிறைய எரிப்பவர் நிறையக் கொடுக்கட்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது. ஆனால் ஆடம்பரத்துக்காக எரிப்பவரையும், படுத்த படுக்கையாக இருக்கும் தாயாருக்காக எரிப்பவரையும் மீட்டர் பிரித்தறியாது.

ஏற்கெனவே யாருக்குப் போகிறது?

ஏசிக்கு அரசு பணம் தருவது புதிய யோசனை என்று நினைத்தால் அதுவும் சரியல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசி மீதான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 32,000 ரூபாய் என்றால் வாங்குபவருக்கு மிச்சம் 3,200 ரூபாய். அரசின் கருவூலத்துக்கு வராமல்போன 3,200 ரூபாய் என்றும் சொல்லலாம். மூன்று அறைக்கு மூன்று ஏசி வாங்கியவருக்கு மூன்று மடங்கு. ஏசி வாங்க முடியாதவருக்கு ஒன்றுமில்லை. நான்கு ஏசி ஓடும் வீட்டுக்கும் முதல் 100 யூனிட் இலவசம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2019-ல் மத்திய அரசு வெளியிட்ட இந்தியக் குளிர்வித்தல் செயல்திட்டம், நாட்டில் ஏசி உள்ள வீடுகள் சுமார் 8 விழுக்காடு என்றது. அதன் பிறகு விற்பனை பாய்ச்சலில் போகிறது. 2024-ல் ஒரே ஆண்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஏசிகள் விற்றன. அப்படியும் பத்தில் எட்டு ஒன்பது வீடுகளில் இன்னும் ஏசி இல்லை. ஆகவே அரசு உதவலாமா என்ற கேள்விக்குப் பொருளில்லை. உதவி போய்க்கொண்டுதான் இருக்கிறது. அது தேவை குறைந்தவரிடம் போகிறது என்பதுதான் சிக்கல்.

எல்லோருக்கும் கொடுத்தால்?

தமிழ்நாட்டின் மரபு எல்லோருக்கும் கொடுப்பது. ரேஷன் அரிசியிலிருந்து மின்விசிறி வரை அப்படித்தான். தேர்ந்தெடுத்துக் கொடுக்கப் போனால் உண்மையான ஏழை பட்டியலிலிருந்து நழுவிவிடுவார் என்ற அனுபவ அறிவு இதற்குப் பின்னால் இருக்கிறது. அதை மதிக்கிறேன். ஆனாலும் ஏசியில் இந்த மரபு செல்லாது. காரணம் எளிய பெருக்கல் கணக்கு.

மாநிலத்தில் ரேஷன் அட்டைகள் சுமார் 2.2 கோடி. ஏசி ஒன்று 37,000 ரூபாய் என்றால் 81,400 கோடி ரூபாய். பணத்தையாவது தவணையில் திரட்டலாம் என்று வாதிடலாம், மின்சாரத்தை அப்படித் திரட்ட முடியாது. ஒரு டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது சுமார் ஒரு கிலோவாட் இழுக்கும். 2.2 கோடி ஏசி சேர்ந்து ஓடினால் 22,000 மெகாவாட். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. அன்றைக்கு ஆலைகள், அலுவலகங்கள், வீடுகள், பம்ப்செட்டுகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது 20,830 மெகாவாட். அதாவது ஏசிகளுக்கு மட்டும் இன்னொரு தமிழ்நாடு வேண்டும். பாதி ஏசிகள்தான் ஒரே நேரத்தில் ஓடும் என்றாலும் தெரு முனை டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது. மேலும் தூங்குவதற்கான ஏசி ஓடுவது இரவில். சூரிய மின்சாரம் அப்போது கிடையாது. நிலக்கரிதான் எரிய வேண்டும்.

ஏசி வெப்பத்தை அழிப்பதில்லை, அறையிலிருந்து எடுத்துத் தெருவில் கொட்டுகிறது. ஃபீனிக்ஸில் ஏசிகள் கக்கும் வெப்பம் நகரத்தின் இரவு வெப்பநிலையை ஒரு டிகிரிக்கும் மேல் உயர்த்துவதாக அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு 2014-ல் கணித்தது. நம் குடியிருப்புகளில் எதிரெதிர் வீடுகளுக்கு நடுவே ஆறடிச் சந்துதான் இருக்கும். பத்து வீட்டு ஏசியின் வெளிப்பெட்டிகள் அந்தச் சந்தில் அனல் கக்க, பதினோராவது வீட்டில் விசிறிக்குக் கீழே படுத்திருப்பவர் அந்தக் காற்றைத்தான் வாங்குகிறார்.

'நல்ல ஏசிக்கு மானியம் கொடுத்தால் மின்சாரம் மிச்சமாகும்' என்ற வாதமும் உண்டு. மெக்சிகோ அதை 2009-லிருந்து 2012 வரை செய்து பார்த்தது. பழைய ஃபிரிட்ஜையும் ஏசியையும் கொடுத்துவிட்டுப் புதிது வாங்க அரசு உதவியது. பின்னர் லூகாஸ் டேவிஸ், ஆலன் ஃபுக்ஸ், பால் கெர்ட்லர் ஆகியோர் மின் பில்களை எடுத்துச் சோதித்தார்கள். ஃபிரிட்ஜ் மாற்றிய வீடுகளில் மின்செலவு குறைந்தது, எதிர்பார்த்ததில் கால் பங்கு அளவுக்கு. ஏசி மாற்றிய வீடுகளிலோ மின்செலவு கூடியது. நல்ல ஏசி கிடைத்ததும் மக்கள் கூடுதல் நேரம் ஓட்டினார்கள். இதை அவர்கள் குற்றமாகச் சொல்ல முடியாது. வெக்கையில் இருந்தவர் குளிர்ந்தார், அவ்வளவுதான். ஆனால் ஏசி மானியத்தைச் சிக்கனத் திட்டம் என்று பெயர் சூட்டி விற்கக் கூடாது. அது நலத்திட்டம். அந்தப் பெயரிலேயே கொடுக்க வேண்டும்.

முதலில் தலைக்கு மேலே

மே மாத இரவில் மாடி வீடு ஒன்றின் கடைசித் தளத்தில் படுத்துப் பார்த்தவருக்கு ஒன்று தெரியும். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவு பத்து மணிக்கு மேல்தான் அதைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கும். விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும். தலையணையைத் திருப்பிப் போட்டாலும் மறுபக்கம் சூடு. ஒரு காலத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம். இன்று கொசுவும் பாதுகாப்புப் பயமும், முக்கியமாகப் பெண்களை, உள்ளேயே வைத்திருக்கின்றன. சிமென்ட் ஷீட்டும் தகரமும் போட்ட வீட்டில் நிலைமை வேறு. அங்கே பகலிலேயே தலைக்கு மேல் அடுப்பு எரிகிறது.

அப்படிப்பட்ட வீட்டில் ஏசி மாட்டுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்புவது போலத்தான். முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும். தளத்தின் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்த பழைய கொத்தனார்கள் இதை அறிந்திருந்தார்கள். கோடை பிறக்கும்போது மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும் அதே அறிவுதான். வெள்ளை நிறம் வெயிலை வந்த வழியே அனுப்பிவிடும். இன்று அதற்கு 'கூல் ரூஃப்' என்று பெயர். தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்றே கொள்கை வகுத்தது. ஐந்தாண்டுகளில் 300 சதுர கிலோமீட்டர் கூரைகளைக் குளிர்விப்பது அதன் இலக்கு.

அடுத்து விசிறி. சாதாரண சீலிங் ஃபேன் 70 முதல் 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி என்ற புது வகை மோட்டார் கொண்ட விசிறி அதே காற்றை 30 வாட்டை ஒட்டிக் கொடுக்கும். ஆனால் விலை ஏறக்குறைய இரு மடங்கு. இதற்கும் முன்மாதிரி இருக்கிறது. 2014 தொடக்கத்தில் அரசு 310 ரூபாய்க்கு வாங்கிய எல்இடி பல்பு, உஜாலா திட்டத்தின் மொத்தக் கொள்முதலால் 2016-ல் 38 ரூபாய்க்கு வந்தது. 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் வீடுகளுக்குப் போயின. தமிழ்நாட்டின் 2.2 கோடி வீடுகளிலும் இரண்டு விசிறிகள் ஒரே நேரத்தில் ஓடுவதாகவும், ஒவ்வொன்றிலும் 40 வாட் மிச்சமாவதாகவும் கொள்ளுங்கள். 1,760 மெகாவாட் குறையும். ஓர் அனல்மின் நிலையத்தின் அளவு அது.

ஆனால் கூரையும் விசிறியும் போதும் என்று முடித்துவிடுவது நேர்மையாகாது. வெள்ளைக் கூரை அறையின் வெப்பத்தைச் சில டிகிரி குறைக்கும். காற்றின் ஈரத்தை அது தொடாது. காற்று உடம்பைவிடச் சூடாகிப் போன நாளில் விசிறி முதியவருக்குத் துணையாக இருப்பதில்லை. சிலருக்கு அந்தச் 'சில டிகிரி' போதாது. யாருக்கு என்பதுதான் இனி விடை காண வேண்டியது.

யாருக்கு?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 'மருத்துவக் குளிர்வித்தல் சலுகை' என்று ஒன்று உண்டு. உடல் தன் வெப்பத்தைத் தானே சீராக்க முடியாத நோய் உள்ளவர் வீட்டில் இருந்தால், நவம்பர் முதல் மார்ச் வரையான கோடை மாதங்களின் மின்கட்டணத்தில் 17.5 விழுக்காடு தள்ளுபடி. மருத்துவர் கையெழுத்துப் போட வேண்டும். பார்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நோய்கள் இதில் அடங்கும். ஏசி உள்ளவரா, எத்தனை அறை என்ற கேள்விகளுக்கு முன்னால் உடம்பு நிற்கிறது.

இந்த வழி தமிழ்நாட்டுக்குப் பொருந்தும். வருமானச் சான்றிதழைக் கொண்டு ஏழையைத் தேடுவது கடினம். நோயாளியைத் தேடுவது நமக்குக் கடினமில்லை. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்த மாத்திரையோடும் சர்க்கரை மாத்திரையோடும் வீட்டுப் படியேறுகிறார்கள். படுக்கையில் இருப்பவருக்கு வலி தணிப்புச் சிகிச்சையும், நடக்க முடியாதவருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே நடக்கின்றன. எந்த வீட்டில் யார் எழுந்து நடக்க மாட்டார், எந்த வீட்டுக்குத் தகரக் கூரை, எந்தப் பாட்டி தனியாக இருக்கிறார் என்பது அந்தத் தன்னார்வலருக்கு மனப்பாடம். 1995 ஜூலையில் சிகாகோவில் 700-க்கும் மேற்பட்டோர் வெப்பத்தில் இறந்தபோது, அதை ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் கிளினன்பெர்க் கண்டதும் இதுதான்: ஏசி இல்லாமையோடு, கதவைத் தட்ட ஆள் இல்லாமையும் சேர்ந்தே அவர்களைக் கொன்றது. கதவைத் தட்டும் ஆள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார்.

ஐந்து லட்சம் வீடுகள் இப்படித் தேறுவதாக வைத்துக்கொள்வோம். ஏசிக்கு 1,850 கோடி ரூபாய். எல்லாம் சேர்ந்து ஓடினாலும் 500 மெகாவாட். விசிறிகளை மாற்றி மிச்சப்படுத்தும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

என்ன செய்யலாம்?

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். எல்லா வீட்டுக்கும் ஏசி என்ற திட்டம் வேண்டாம். ஏசிக்கே உதவக் கூடாது என்ற பிடிவாதமும் வேண்டாம். கீழே உள்ளவற்றை இந்த வரிசையில் செய்யலாம்.

முதலாவது, தகரம், சிமென்ட் ஷீட் கூரைகளுக்கும் குடிசை மாற்று வாரியமாக இருந்து நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறிய அமைப்பு கட்டிய அடுக்ககங்களின் மேல்தளங்களுக்கும் அரசு செலவில் வெள்ளைப் பூச்சு. இது எல்லோருக்கும் கொடுக்கத்தக்கது. மரபை இங்கே கடைப்பிடிக்கலாம்.

இரண்டாவது, மொத்தக் கொள்முதலில் பிஎல்டிசி விசிறி. 2011-ல் கொடுத்ததன் அடுத்த பதிப்பு இது.

மூன்றாவது, மருத்துவர் சான்றளித்த வீட்டுக்கு ஒரு ஏசி. ஐந்து நட்சத்திரம், ஒரு டன், ஓர் அறைக்கு மட்டும். அதோடு பராமரிப்பும் அரசின் பொறுப்பு. பழுதான ஏசி என்ன செய்யும் என்பதை ஃபீனிக்ஸ் காட்டிவிட்டது.

நான்காவது, அதே வீடுகளுக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை 500 யூனிட் என்ற செங்குத்துப் படி தளர வேண்டும். அந்த மாதங்களில் பில் பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கவும் கூடாது. வாடகை வீடானாலும் சலுகை நோயாளியின் பெயரில் போக வேண்டும், உரிமையாளரின் பெயரில் போகக் கூடாது.

ஐந்தாவது, வீடே இல்லாதவருக்கும், ஏசி மாட்ட இடமில்லாத ஓரறை வீட்டுக்காரருக்கும் இரவிலும் திறந்திருக்கும் பொதுக் குளிர் அறைகள். வார்டுக்கு ஒரு பள்ளியோ சமுதாயக் கூடமோ போதும்.

பணம் எங்கே என்று கேட்பவருக்கு ஒரு பதில் உண்டு. ஜிஎஸ்டி குறைப்பு ஏசி வாங்கிய எல்லோருக்கும், கேட்காமலே, கணக்குப் பார்க்காமலே கொடுக்கப்பட்டது. அப்போது இந்தக் கேள்வியைப் பெரிதாக யாரும் எழுப்பவில்லை.

இவற்றில் மிகச் சிறியதும் மிக மலிவானதும் நான்காவது. புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை, வாங்க வேண்டியதில்லை. மின் ஒழுங்குமுறை ஆணையத்தின் ஓர் உத்தரவும், அதனால் வரும் இழப்பை ஈடுசெய்ய அரசின் மானிய ஒதுக்கீடும் போதும். வரும் ஏப்ரலுக்கு முன்பே அதைச் செய்துவிட முடியும்.